ஒரே கட்டத்துக்குள் கடலும் வயலும்: விமானத்திலிருந்து மண் ஈரம் அளப்பது

புரட்டாசி கடைசியில் மூதூர்ப் பக்கத்து மானாவாரி வயல்களில் ஒரே பேச்சுத்தான். புழுதியில் விதைத்துவிடலாமா, இன்னும் ஒரு மழை பார்க்கலாமா? முந்தி விதைத்து மழை பிந்தினால் முளைத்த நெல் கருகிப்போகும். பிந்தினால் ஐப்பசி மழை வயலை நிரப்பி, உழவு இயந்திரத்தை இறக்க விடாது. மழை எப்போது வரும் என்பதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மேல்மண்ணில் இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதையாவது அளந்து சொல்ல முடியுமா?

முடியும் என்றுதான் இணையத்தில் கிடைக்கும் மண் ஈர வரைபடங்கள் சொல்கின்றன. உலகம் முழுவதற்கும் நிறம் பூசிய படம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுப்பித்து வருகிறது. ஆனால் அதைப் பெரிதாக்கித் திருகோணமலைக்கு வந்து பாருங்கள். நாசாவின் ஸ்மாப் செய்மதியின் அடிப்படைக் கட்டம் 36 கிலோமீற்றருக்கு 36 கிலோமீற்றர், அதாவது 1,296 சதுர கிலோமீற்றருக்கு ஒரே எண். எங்கள் மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,727 சதுர கிலோமீற்றர். புல்மோட்டை மணலிலிருந்து வெருகல் ஆற்றங்கரைக் களிமண் வரைக்கும் இரண்டு கட்டத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

இந்தப் படத்தைப் பார்த்து விதைக்கச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். ஆனால் அளக்கும் முறை பொய் இல்லை. உயரம்தான் சிக்கல். அதே உணரியை விமானத்தில் கட்டி இரண்டு மூன்று கிலோமீற்றர் உயரத்தில் பறக்கவிட்டால் கதை வேறாகிவிடும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சூடு உள்ள எந்தப் பொருளும் அலைகளை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மண்ணும் அப்படித்தான், இரவென்றும் பகலென்றும் இல்லாமல். அதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. மிகச் சிறு பங்கு மட்டும் நுண்ணலையாக வருகிறது. அந்தப் பங்கு எவ்வளவு சிறியது என்றால், 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் உணரிக்கு வந்து சேரும் வலு, ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கு. இதைப் பிடித்து அளக்கும் கருவிதான் ரேடியோமீட்டர். அது எதையும் கீழே அனுப்புவதில்லை. மண்ணிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது.

ஈரம் இதில் எங்கே வருகிறது? மின்புலத்துக்குத் திரும்பி அசையும் குணம் நீர் மூலக்கூறுக்கு மிக அதிகம். அதைக் காட்டும் மின்கடவா மாறிலி தண்ணீருக்கு 80 அளவில் இருக்கிறது. காய்ந்த மண்ணுக்கு அது 3 அல்லது 4 தான். நன்றாக நனைந்த மண்ணில் 20க்கு மேலே ஏறிவிடும். இந்த எண் கூடக் கூட, மண்ணுக்குள்ளிருந்து மேலே வரும் அலை, மண்ணும் காற்றும் சந்திக்கும் எல்லையில் பட்டு உள்ளேயே திரும்பிவிடுகிறது. வெளியே தப்புவது குறைகிறது. எனவே ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரண்டு வயல்களில், ஈர வயல் ரேடியோமீட்டருக்குக் குளிர்ந்ததாகத் தெரியும்.

எண்ணில் சொன்னால், 300 கெல்வின், அதாவது 27 பாகை செல்சியசில் உள்ள வெறும் மண் காய்ந்திருந்தால் 285 கெல்வின் போலத் தெரியும். தண்ணீர் குடித்து நிரம்பியிருந்தால் 180 வரைக்கும் இறங்கிவிடும். நூறு கெல்வின் இடைவெளி! நல்ல ரேடியோமீட்டர் ஒரு கெல்வின் வித்தியாசத்தைப் பிரித்தறியும். வெறும் மண்ணில் கன அளவுப்படி ஒரு சதவீத ஈரம் கூடினால் இரண்டு மூன்று கெல்வின் குறையும் என்பது தோராயக் கணக்கு. இவ்வளவு நேரடியான தொடர்பு தொலையுணர்வில் அபூர்வம்.

இதற்குப் பிடித்தமான அலைநீளம் 21 சென்ரிமீற்றர். 1970களின் தொடக்கத்திலேயே நாசாவின் கான்வேர் 990 விமானத்தில் பல அலைநீளங்களில் ரேடியோமீட்டர்களை ஏற்றி, அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள பாசன வயல்களின் மேல் பறந்து பார்த்தார்கள். தோமஸ் ஷ்முகே முதலானோர் அந்த அளவீடுகளை அலசியபோது நீண்ட அலைக்குத்தான் மண்ணின் ஈரம் தெளிவாகத் தெரிந்தது. குறுகிய அலை மண்ணின் தோலை மட்டும் பார்க்கும், இலை மறைத்தால் அதுவும் இல்லை. 21 சென்ரிமீற்றர் அலை மேல் ஐந்து சென்ரிமீற்றர் மண்ணைப் பற்றிச் சொல்லும், ஓரளவு பயிரையும் ஊடுருவும், முகிலைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்காக வெயில் முகம் காணாத எங்கள் பக்கத்துக்கு இந்தக் கடைசிக் குணம் முக்கியம். அந்த மாதங்களில் சாதாரண ஒளிப்படச் செய்மதி எடுத்து அனுப்புவது வெள்ளை முகிலைத்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. விண்வெளி ஐதரசன் இதே 21 சென்ரிமீற்றர் அலையில், அதாவது 1420 மெகாஹேர்ட்ஸில் கதிர் விடுவதால், 1400 முதல் 1427 வரைக்குமான அலைவரிசையை வானொலி வானியலுக்காகச் சர்வதேச அளவில் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அதில் யாரும் ஒலிபரப்பக் கூடாது. வானியலாளர்கள் வேலி போட்ட காணிக்குள் மண் விஞ்ஞானிகள் மாடு மேய்க்கிறார்கள் என்று சொல்லலாம்.

சரி, செய்மதிக்கு ஏன் கண் இவ்வளவு மங்கல்? அன்ரெனாவின் அகலத்தோடு ஒப்பிட்டால் அலை நீளமானது, அதனால் பார்வைக் கற்றை விரிந்துவிடுகிறது. 685 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பார்க்கும் ஸ்மாப்பின் அன்ரெனா 6 மீற்றர் அகலம். அதற்குத் தரையில் கிடைப்பது ஏறத்தாழ 40 கிலோமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டம். அதே உயரத்திலிருந்து நூறு மீற்றர் வயலைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் அகலமான அன்ரெனா வேண்டும். அலைநீளத்தை உயரத்தால் பெருக்கி நூறால் பிரித்தால் வரும் கணக்கு அது. விண்வெளிக்கு அதை யார் தூக்கிப் போவது?

அந்த நாற்பது கிலோமீற்றர் வட்டத்தைத் தம்பலகாமத்தை நடுவில் வைத்து எங்கள் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். தம்பலகாமம் வயலும் கிண்ணியாவும் உள்ளே வரும். கூடவே தம்பலகாமக் குடா, திருகோணமலை உள்துறைமுகம், கொட்டியாரக் குடாவின் மேற்குப் பக்கம், கந்தளாய்க் குளத்தில் ஒரு பகுதி, மேற்கே காடு எல்லாம் வரும். 21 சென்ரிமீற்றர் அலையில் நீர்ப்பரப்பு சுமார் 100 கெல்வின்தான் காட்டும். நிலம் 270 கெல்வின் காட்டுகிறது, வட்டத்தில் பத்திலொரு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் சராசரி 253க்கு இறங்கிவிடும். அந்த 17 கெல்வினை மண் ஈரமாகப் படித்தால் ஆறேழு சதவீதம் கூடுதலாக வரும். காய்ந்து கிடக்கும் மேட்டு நிலம் நனைந்த நிலமாகிவிடும். செய்மதிக்காரர்கள் இதைத் தெரியாதவர்கள் இல்லை. தண்ணீரின் பங்கைக் கணித்துக் கழிப்பார்கள், பங்கு கூடினால் அந்தக் கட்டத்தை நம்ப வேண்டாம் என்று குறியிடுவார்கள். ஆனால் பொதுவில் சுற்றும் வண்ணப் படங்களில் அந்தக் குறி பெரும்பாலும் தெரிவதில்லை, இடைவெளியைக் கணினிக் கணக்கு நிரப்பிவிடுகிறது.

விமானத்தில் இருந்து அளப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. 1992 ஜூனில் ஒக்லஹோமாவின் லிற்றில் வொஷிற்றா ஆற்றுப்படுகையில் நடந்த ஆய்வு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. பெருமழை பெய்து ஓய்ந்த கையோடு எஸ்ரார் என்ற ரேடியோமீட்டரை விமானத்தில் ஏற்றி, மண் காயக் காய ஒன்பது நாள் காலப்பகுதியில் திரும்பத் திரும்பப் பறந்தார்கள். 200 மீற்றர் கட்டங்களில் படம் கிடைத்தது. முதல் நாள் எல்லாம் ஈரம். நாள் போகப் போக மணற்பாங்கான இடங்கள் முந்திக் காய்ந்தன, வண்டலும் களியும் ஈரத்தைப் பிடித்துவைத்தன. ஈரத்தை அளக்கப் போனவர்களுக்கு அந்த நிலத்தின் மண்வகை வரைபடமே படத்தில் எழுந்து வந்தது. 1997இல் அதே மாநிலத்தில் இதைப் பெரிதாகச் செய்தார்கள். ஒரு மாதம், 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேல், 800 மீற்றர் கட்டம். எங்கள் மாவட்டம் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்குப் பரப்பு.

இந்தப் பறப்புகள் தந்த நம்பிக்கையில்தான் செய்மதிகள் வந்தன. ஐரோப்பாவின் ஸ்மோஸ் 2009 நவம்பரில் ஏறியது, ஸ்மாப் 2015 ஜனவரியில். ஸ்மாப்பில் ரேடியோமீட்டரோடு ஒரு ராடரும் இருந்தது. இரண்டையும் சேர்த்து 9 கிலோமீற்றர் நுணுக்கத்தில் ஈரம் சொல்வதாகத் திட்டம். 2015 ஜூலையிலேயே அந்த ராடர் செத்துவிட்டது. செய்மதி மேலே போன பிறகும் நுணுக்கமான வேலை விமானத்திடமே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. 2005இலும் 2006இலும் அங்கே சிறு விமானத்தின் அடிவயிற்றில் ஆறு கற்றை கொண்ட ரேடியோமீட்டரைக் கட்டிப் பறந்தார்கள். 3,000 மீற்றர் உயரத்தில் பறந்தால் ஒரு கற்றை தரையில் ஒரு கிலோமீற்றர், 150 மீற்றருக்கு இறங்கினால் 50 மீற்றர் அளவு. 2006இல் பறந்த மரம்பிட்ஜி ஆற்றுப்படுகையில் கோலியாம்பலி என்ற பாசனக் குடியேற்றத் திட்டமும் அடங்கும். வாய்க்கால், நெல், பக்கத்திலேயே வறண்ட மேய்ச்சல் நிலம். கந்தளாய்க்காரருக்கு அந்நியமான காட்சி இல்லை.

அந்த உணரி எங்கள் பக்கம் பறந்தால் என்ன கணக்கு வரும்? மேலே பறக்கும்போது ஆறு கற்றையும் சேர்ந்து ஆறு கிலோமீற்றர் அகலத்தைத் துடைக்கும். கந்தளாயிலிருந்து கிண்ணியா வரையான வயல்வெளிக்கு நாலு தடவை போய்வந்தால் போதும், சீனக்குடாவில் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறந்தால் முடிந்துவிடும். 150 மீற்றரில் பறந்தால் ஒரு வயலையும் அடுத்த வயலையும் பிரிக்கலாம். ஆனால் துடைக்கும் அகலம் 300 மீற்றராகச் சுருங்கும், ஐம்பது தடவைக்கு மேல் போய்வர வேண்டும், எரிபொருள் காசு யார் தருவது என்ற கேள்வியும் வரும். இந்தப் பேரத்துக்கு ஒரே விடை கிடையாது. முதலில் உயரத்தில் பறந்து முழுப் படத்தை எடுத்துக்கொண்டு, சந்தேகமான வயல் வட்டைகளுக்கு மட்டும் இறங்குவதுதான் புத்தி.

பறக்கும் நேரமும் முக்கியம். விடியற்காலையில் மண்ணும் பயிரும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும், கணக்குச் சுலபம். ஸ்மாப் காலை ஆறு மணிக்குக் கடக்கும்படி வைத்ததும் அதனால்தான். புறப்படும்போதும் திரும்பும்போதும் கருவியைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பரப்பின் மேல் பறக்க வேண்டும். தண்ணீர் அதற்கு நல்லது, அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் கொட்டியாரக் குடாவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. மாரியில் மகாவலி நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும், உப்புக் குறையும், இந்த அலைவரிசையில் உப்பின் அளவும் வாசிப்பை மாற்றும். ஸ்மோஸ் இதே முறையில்தான் கடலின் உப்பையும் அளக்கிறது. கந்தளாய்க் குளத்தின் நடுப்பகுதி எனக்குச் சரியாகப் படுகிறது.

மேலே விமானம் போகும்போது கீழே ஆட்கள் வயலில் நிற்க வேண்டும். இதை எழுதும் பலர் விட்டுவிடும் பகுதி இது. விமானம் தருவது கெல்வின். அதைச் சதவீதமாக்கத் தரையில் எடுத்த அளவு வேண்டும். கம்பிகள் நீட்டிய கைக்கருவியை ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணில் குத்தி, ஐம்பது மீற்றருக்கு ஒன்று, இருநூறு மீற்றருக்கு ஒன்று என்று நடந்து வாசிப்பு எடுப்பார்கள். அந்தக் கருவியையும் நம்பிவிட முடியாது. களிமண்ணில் ஒரு மாதிரிக் காட்டும், உவர் மண்ணில் இன்னொரு மாதிரி. எனவே சில இடங்களில் பழைய முறைதான்.

ஐந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள இரும்பு வளையத்தை மண்ணில் வைத்து, மேலே பலகைத் துண்டு போட்டு, அலுங்காமல் தட்டி இறக்க வேண்டும். சுற்றி மண்ணை அகற்றி, வளையத்தை மண்ணோடு தூக்கி, மேலும் கீழும் கத்தியால் சமமாகச் சீவி, ஈரம் போகாமல் பொலித்தீன் பையில் கட்ட வேண்டும். ஆய்வுகூடத்தில் நிறுத்து, 105 பாகையில் ஒரு நாள் காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். வளையம் 100 கன சென்ரிமீற்றர், ஈர மண் 172 கிராம், காய்ந்தது 150 கிராம் என்று வைப்போம். போனது 22 கிராம் தண்ணீர், ஆகவே கன அளவுப்படி ஈரம் 22 சதவீதம். விமானமும் செய்மதியும் காட்டும் எல்லாப் படமும் கடைசியில் இந்தத் தராசில் வந்துதான் நிற்கிறது. ஸ்மாப் தனக்கு வைத்த இலக்குகூட, தரை அளவோடு ஒப்பிட்டால் 4 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பதுதான்.

எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. நிலாவெளிப் பக்கத்து மணலில் 15 சதவீதம் என்றால் பயிர் சந்தோசமாகக் குடிக்கும் ஈரம். மகாவலி வண்டல் படிந்த மூதூர்க் களியில் அதே 15 என்றால் தண்ணீரைக் களி இறுக்கிப் பிடித்திருக்கும், வேருக்கு எட்டாது, பயிர் வாடும். மண்வகை வரைபடம் பக்கத்தில் இல்லாமல் ஈர வரைபடத்தைக் கையில் கொடுப்பது ஆபத்து. புல்மோட்டையின் இல்மனைற்று மணல் இன்னொரு சில்லெடுப்பு. இந்தக் கணக்குகள் சாதாரண மண்ணின் அடர்த்தியை வைத்துப் போட்டவை, இல்மனைற்று அதைவிட மிகவும் பாரமான கனிமம். அங்கே போகிறவர் தொடர்பைத் தாமாகவே புதிதாகத் தேட வேண்டும்.

தண்ணீர் கட்டிய வயலில் மண் ஈரம் என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பயன் உண்டு. சிறுபோகத்தில் குளத்துத் துருசு திறந்த முதல் வாரங்களில், தண்ணீர் எந்த வட்டை வரைக்கும் போயிருக்கிறது என்பது ரேடியோமீட்டரில் பளிச்சென்று தெரியும். நீர் நிற்கும் கண்டம் குளிர்ந்தும், வாய்க்கால் முடிவில் காத்திருக்கும் கண்டம் சூடாகவும் விழும். யாருக்குத் தண்ணீர் வரவில்லை என்று கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசும் விசயத்தை ஒரு படம் காட்டிவிடும். அதனாலேயே சிலருக்கு அது பிடிக்காமலும் போகலாம். பயிர் வளர்ந்த பிறகு படம் மங்கும். செடியிலுள்ள தண்ணீரும் அலையை உறிஞ்சும், தானும் வெளிவிடும். சதுர மீற்றருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் செடியில் தண்ணீர் இருந்தால் கீழே உள்ள மண்ணைப் பற்றிப் பேச முடியாது. மாவட்டத்தின் காடுகள் எல்லாம் இந்தக் கணக்கில் போய்விடும்.

துறைமுகமும் விமானத்தளமும் உள்ள ஊருக்கு மேலதிகத் தலையிடி ஒன்று உண்டு. ஒதுக்கிய அலைவரிசைக்குச் சற்றுக் கீழே, 1215 முதல் 1400 மெகாஹேர்ட்ஸ் வரை, தூரப் பார்வை ராடர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து கசியும் துளி வலுகூட மண்ணின் குரலை அமுக்கிவிடும். ரேடியோமீட்டருக்கு அது கூடுதல் சூடாகத் தெரியும், சூடு என்றால் வரட்சி. நனைந்த வயல் காய்ந்த வயலாகிவிடும். ஸ்மோஸ் ஏறிய முதல் வருடமே உலகின் பல பகுதிகளில் இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டியது. விமானத்துக்குள்ள நன்மை, எந்தத் திசையில் எந்த இடத்தில் வாசிப்புக் குதிக்கிறது என்று கண்டுபிடித்து அந்தத் துண்டை வெட்டிவிடலாம்.

இன்னொரு பயனையும் சொல்லிவிட வேண்டும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை இங்கே மறந்தவர் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மாவிலாற்றுக் கட்டு உடைந்து கீழ்ப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்ததும் நேற்று நடந்தது போலத்தான். மண் கட்டுகளில் கசிவு தொடங்கும் இடத்தைக் கண்ணால் தேடுவது கடினம். கலிபோர்னியாவின் சக்ரமெந்தோ கழிமுகத்தில் நாசா 2009 முதல் யூஏவி-சார் என்ற நுண்ணலை ராடரை விமானத்தில் ஏற்றி, வெள்ளத் தடுப்புக் கட்டுகளின் மேல் திரும்பத் திரும்பப் பறந்து, எந்த இடம் அமிழ்கிறது, எந்த இடத்தில் கசிவு நிலத்தை நனைக்கிறது என்று பார்த்திருக்கிறது. இது கேட்கும் கருவி இல்லை, அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளப்பது. கிட்டத்தட்ட அதே அலைநீளம், ஆனால் பார்வை மீற்றர் கணக்கில் கூர்மை. குளங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் விமானத்துக்குக் காசு செலவழிக்க நியாயம் தேட வேண்டுமென்றால், விதைப்பைவிட இதுதான் வலுவான நியாயம் என்பது என் எண்ணம்.

2025 ஜூலை 30ஆம் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய நிசார் செய்மதி, இந்த விமான ராடரின் வழிவந்ததுதான். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்கு வரும், மண் ஈரத்தை 200 மீற்றர் கட்டத்தில் தருவது அதன் திட்டங்களில் ஒன்று. அப்படியானால் இனி விமானம் எதற்கு? ராடருக்கு உழுத கட்டி மண்ணும் ஈர மண்ணும் ஒன்றாகத் தெரியக்கூடும், பயிரின் உருவமும் குழப்பும். எங்கள் மண்ணில், எங்கள் பயிரில் அதன் எண் எவ்வளவு சரி என்று சொல்ல, இடையில் ஒரு விமானப் படமும் கீழே வளையத்தோடு சில ஆட்களும் வேண்டியிருக்கும். தினசரி வேலைக்கு விமானம் கட்டுப்படியாகாது. செய்மதியைப் பழக்கி எடுக்க ஓரிரு போகம் பறந்தால் போதும், சின்னப் பரப்புகளுக்கு இப்போது ட்ரோனில் கட்டும் ரேடியோமீட்டர்களும் வந்துவிட்டன.

இங்கே பறப்பதென்றால் நான் தேர்வது பங்குனி. பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குத் துருசு திறக்க முன்னரான இடைவெளி. வயலில் அறுத்த நெல்லின் அடித்தாள் மட்டும் நிற்கும், பயிர் மறைக்காது. மழை விட்ட மண் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். களியும் மணலும் தங்கள் வேகத்தில் பிரிந்து தெரிவது அப்போதுதான். உழவு இயந்திரம் இறங்க முதல் முடித்துவிட வேண்டும், கட்டி பெயர்ந்த நிலம் ரேடியோமீட்டருக்கும் நல்லதல்ல.